கணக்கு ஆபீஸிலிருந்து நோபல் வரை: சி.வி.ராமன் தன் பாதைக்குத் திரும்பியது எப்படி?

படிச்சது ஒண்ணு, பார்க்கிற வேலை வேற ஒண்ணு. இன்றைக்குப் பலருக்கும் பழகிப்போன கதைதான் இது. இயற்பியலுக்காக நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி.ராமனும் 10 வருஷம் இப்படித்தான் இருந்தார்.

பாதை எங்கே மாறியது?

1888 நவம்பர் 7-ல் திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்தவர் ராமன். சென்னை பிரசிடென்சி காலேஜில் படிக்கும்போதே, 1906-ல், ஒளி பற்றிய அவரது கட்டுரை லண்டனின் ‘ஃபிலாசஃபிகல் மேகஸின்’ இதழில் வெளியானது.

அடுத்து இங்கிலாந்து போய்ப் படிக்கணும். ஆனால், இந்த உடம்பு அங்குள்ள குளிரைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கேயோ ஓர் இந்தியர் ஆராய்ச்சியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த வழியில்லை. அண்ணன் வேலை பார்த்த அரசு நிதித் துறைக்கே தேர்வு எழுதினார். முதலிடம் கிடைத்தது. 1907-ல் லோகசுந்தரியுடன் கல்யாணம். அதே வருஷம் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல் பதவி. நல்ல சம்பளம், மரியாதை, பென்ஷன். அப்போது வயது 18தான்.

டிராமில் கண்ணில் பட்ட போர்டு

ஒருநாள் டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு போர்டைப் பார்த்தார். அது 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். உள்ளே கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. அனுமதி உடனே கிடைத்தது.

அதற்காக வேலையை அவர் விடவில்லை. விடியற்காலையில் லேப், பகலில் ஆபீஸ், சாயங்காலம் மறுபடியும் லேப். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்பர் வந்தது. அப்பா இறந்தபின் லீவில் சென்னை வந்தபோதுகூட, படித்த காலேஜின் லேபுக்குப் போய் ஆய்வைத் தொடர்ந்தார். 1911-ல் திரும்பவும் கல்கத்தா.

பாதி சம்பளத்துக்குச் சம்மதம்

அவருடைய கட்டுரைகள் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜியின் கவனத்துக்கு வந்தன. புதிதாக உருவான பாலித் பேராசிரியர் பதவிக்கு ராமனை அழைத்தார். இரண்டு சிக்கல்கள். ஒன்று, சம்பளம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். இன்னொன்று, வெளிநாட்டில் பயிற்சி பெற்று வரணும் என்ற நிபந்தனை. முதலாவதுக்கு ராமன் சம்மதித்தார். இரண்டாவதுக்கு முடியாது என்றார். கடைசியில் நிபந்தனைதான் தளர்ந்தது. 1917-ல், 28 வயதில், அரசு வேலையை விட்டு முழுநேர இயற்பியலாளர் ஆனார்.

அதன் பிறகு?

1921-ல் கப்பல் பயணத்தில் பார்த்த மத்தியதரைக் கடலின் நீலம், ஒளிச் சிதறல் பக்கம் அவரைத் திருப்பியது. 1928 பிப்ரவரி 28-ல், கே.எஸ்.கிருஷ்ணனோடு நடத்திய ஆய்வில் ராமன் விளைவு உறுதியானது. அதற்காக 1930-ல் நோபல் பரிசு. அறிவியலில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான்.

திரும்பி வர அவருக்கு 10 வருஷம் பிடித்தது. அதுவரை வீட்டுக்குச் சோறு போட்டது கணக்கு ஆபீஸ். இயற்பியலோடு தொடர்பு அறுந்துபோகாமல் காத்தது, ஆபீஸுக்கு முன்னும் பின்னும் கிடைத்த அந்தச் சில மணி நேரம். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட இடமும், அன்று டிராமிலிருந்து போர்டைப் பார்த்த அதே கழகம்தான்.