அடக்கம் மறுக்கப்பட்ட நகரபிதா

கெம்னிற்ஸ் என்னும் நகரின் பெயரை நம்மவரில் சிலர் தஞ்சக் கோரிக்கைக் கடிதங்களில் கண்டிருக்கலாம். ஜேர்மனியின் சக்சனி மாநிலத்திலுள்ள இந்நகருக்கு நான்கு முறை நகரபிதாவாக இருந்தவர் ஜோர்ஜியுஸ் அக்ரிகோலா. 1494இல் கிளவுகாவில் பிறந்தவர். உழவன் எனப் பொருள்படும் தம் குடும்பப் பெயரை அக்கால அறிஞர் வழக்கப்படி இலத்தீனாக்கிக்கொண்டார். இத்தாலியில் மருத்துவம் பயின்று, 1527இல் வெள்ளிச் சுரங்க நகரான யோவாகிம்ஸ்தாலில் மருத்துவரானார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. அங்கு வார்த்த நாணயத்தின் பெயரே திரிந்து டொலர் என வழங்குகிறது.

நோயாளரைப் பார்க்கச் சென்றவர் சுரங்கத்தையும் பார்த்தார். அங்கே நீர் பகையாகவும் துணையாகவும் இருந்தது. குழி ஆழமாக ஆக ஊற்று நிறைந்து வேலை நின்றுவிடும். அதை இறைக்கும் உறிஞ்சு குழாய்களையும், இருபுறமும் சுழலும் 36 அடி விட்டமுள்ள நீர்ச்சக்கரத்தையும் அவர் உறுப்புறுப்பாக விவரித்தார். வெளியே வந்த கல்லை உலக்கைகளால் இடித்துக் கழுவவோ அதே நீர் வேண்டும். சரிவான தொட்டியில் பொடியை நீரோடு ஓடவிட்டால் கனமான தாது மேற்பகுதியில் தங்கும். இலேசான மண் அடித்துச் செல்லப்படும்.

சிக்கல் அதன் பின்னர்தான். மிக நுண்ணிய தாது, நீரில் கலங்கிச் சேறாகப் போய்விடும். அச்சேற்றைக் குழிகளில் தேக்கிப் படியவிட்டு, நீரை வடித்து, படிந்ததை அள்ளி மீண்டும் கழுவும் முறையை அவர் எழுதினார். அரிசி களைந்த கழுநீர் தெளிவதைப் பார்த்த எவருக்கும் இது விளங்கும். இன்றைய தாது ஆலைகளின் பெருந்தொட்டிகளிலும் சேறு இவ்வாறே படிகிறது; எஞ்சும் ஈரத்தை வடிகட்டிகள் பிரிக்கின்றன.

இவற்றுள் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. தொழிலாளர் கைகளில் மட்டும் இருந்த அறிவை ஏட்டில் ஏற்றினார்; இலத்தீனில் சொல் இல்லாத இடங்களில் சொல்லைத் தாமே ஆக்கினார். என் மதிப்பில் கண்டுபிடிப்பினும் அரிய பணி அது.

1531 அளவில் கெம்னிற்ஸில் குடியேறினார். நகர் லூதரின் வழிக்கு மாறியபோதும் அவர் கத்தோலிக்கராகவே இருந்தார். கொள்ளை நோய் பற்றி 1554இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1555 நவம்பர் 21இல் அவர் இறந்தபோது, மதத்தைக் காரணங்காட்டி அந்நகர் அடக்கத்துக்கு இடந்தர மறுத்தது. சடலம் ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள சைற்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

உலோகத் தொழில் பற்றிய அவரது 12 பகுதிகள் கொண்ட நூல் மரச்செதுக்குப் படங்களுக்காகக் காத்துக் கிடந்து, மறு ஆண்டு சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சேறியது.