கண்டியின் புரூட்டஸ்

கொலன்னாவையில் என் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளில் மாணவர் சிலர் வந்து கூடுவது வழக்கம். ஒருமுறை பாடசாலை விழாவுக்காகச் சேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர் நாடகத்தில் மூன்றாம் அங்கத்தை மட்டும் தமிழில் நடிக்க அவர்கள் எண்ணினார்கள். ஒத்திகையின்போது புரூட்டஸாக நடிக்க இருந்த மாணவன் ஓர் ஐயத்தை எழுப்பினான். சீசரைக் குத்திய பின் அந்த உடலைப் பார்த்து அழுவதா, அன்றி நாட்டுக்கு நன்மை செய்தவன் என்ற பெருமிதத்துடன் நிற்பதா என்று கேட்டான். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. இன்னொரு மாணவன், நம் நாட்டிலும் இப்படி ஒரு புரூட்டஸ் இருந்தாரா என வினவினான். எகலப்பொலையின் பெயர் என் வாயில் தானாக வந்தது.

அப்பெயரைக் கேட்டதும் மூன்றாமவன் சிரித்தான். எகலப்பொலை வெறும் துரோகி என்று நானே வகுப்பில் கூறியதை அவன் நினைவூட்டினான். அவன் சொன்னது உண்மைதான். ஒரு மனிதரின் ஐம்பத்தாறு ஆண்டு வாழ்க்கையை ஒரே சொல்லில் அடக்கி, கரும்பலகையில் எழுதி, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டவன் நான். அன்று இரவு அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. பழைய நூல்களை மீண்டும் புரட்டினேன். பின்னர் கண்டிக்கும் ஒருமுறை சென்று வந்தேன். நான் அறிந்துகொண்டதை மாணவருக்குச் சொன்னவாறே இங்கும் சொல்லுகிறேன்.

எகலப்பொலை 1773ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்தின் உயர்குடி ஒன்றிலே பிறந்தார். அவர் வளர்ந்த காலத்தில் அந்த அரசு தீவின் நடுவிலுள்ள மலைகளுக்குள் ஒடுங்கியிருந்தது. கரையோரம் முழுவதும் முதலில் ஒல்லாந்தர் வசமும், 1796க்குப் பின் ஆங்கிலேயர் வசமும் இருந்தது. கண்டிச் சிங்காசனத்தில் 1739 முதல் மதுரை நாயக்கர் வழி வந்த அரசர்களே அமர்ந்து வந்தார்கள். 1798இல் இராஜாதி இராஜசிங்கன் பிள்ளையின்றி இறந்தபோது, மகா அதிகாரமாக இருந்த பிலிமத்தலாவை பதினெட்டு வயதுடைய கண்ணுச்சாமி என்னும் இளைஞனை அரசனாக்கினார். அந்த இளைஞனே ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் எனப் பெயர்பெற்ற கண்டியின் கடைசி அரசன்.

தாம் முடிசூட்டியவன் தம் சொற்படி நடப்பான் என்று பிலிமத்தலாவை எதிர்பார்த்தார். அரசனோ வளர வளரத் தன் விருப்பப்படி ஆளத் தலைப்பட்டான். அதிகாரம் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்துடன் இரகசியமாகப் பேசினார். 1803இல் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்து முத்துச்சாமி என்பவனைச் சிங்காசனத்தில் ஏற்றியது. சில மாதங்களுள் அந்தப் படையும் அழிந்தது, முத்துச்சாமியும் கொலையுண்டான். இறுதியில், அரண்மனைக் காவலில் இருந்த மலாயரைத் தூண்டி அரசனைக் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றத்தின்பேரில் 1811இல் பிலிமத்தலாவை தலை துண்டிக்கப்பட்டார். சீசரைச் சூழ்ந்த கத்திகள் கண்டியிலும் உறையிலிருந்து வெளிவரப் பார்த்தன, அரசன் முந்திக்கொண்டான்.

பிலிமத்தலாவை வகித்த பதவியை அரசன் எகலப்பொலைக்குக் கொடுத்தான். ஒரு துரோகியின் ஆசனத்தில் அமர்த்தப்பட்ட மனிதரை அரசனும் முழுதாக நம்புவதில்லை. அமர்ந்தவரும் அச்சமின்றி உறங்குவதில்லை. உரோமாபுரியில் இதன் மறுபுறத்தைக் காண்கிறோம். கி. மு. 48இல் தன்னை எதிர்த்துப் போரிட்ட புரூட்டஸை மன்னித்து, அருகில் வைத்து, பதவியும் கொடுத்தான் சீசர். அந்த அன்பே புரூட்டஸின் கத்திக்கு வழி திறந்தது. கண்டியில் அன்பு இருக்கவேண்டிய இடத்தில் ஐயம் இருந்தது. அந்த ஐயமும் அதே வாயிலைத்தான் திறந்துவிட்டது.

நாடகத்தில் காசியஸ், பொதுமக்கள் எழுதியவை போலத் தோன்றும் கடிதங்களைப் புரூட்டஸின் வீட்டுச் சாளரத்தின் வழியே எறியச் செய்கிறான். எகலப்பொலைக்கும் அத்தகைய கடிதங்கள் வந்தன. அவற்றை அனுப்பியவர் யோன் டொயிலி என்னும் ஆங்கிலேயர். அவர் கேம்பிரிட்ஜில் பயின்று, சிங்களத்தை ஐயந்திரிபறக் கற்றவர். கொழும்பில் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டு, ஓலைகளாலும் ஒற்றர்களாலும் கண்டியின் ஒவ்வொரு மூச்சையும் கணக்கெடுத்தவர். பிரதானிகளின் மனக்குறைகளை அவர் கேட்டறிந்தார். கேட்டதை நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். ஒரு குண்டும் சுடாமல் ஓர் இராச்சியத்தை உள்ளிருந்தே இளக்கிவிட்ட அத்தகைய மனிதரைச் சேக்ஸ்பியர் கண்டிருப்பின், காசியஸை இன்னும் மென்மையான குரலிற் பேசவைத்திருப்பார் என எண்ணுகிறேன்.

எகலப்பொலை சப்பிரகமுவாவின் திசாவையாகவும் இருந்தார். 1814இல் அங்கிருந்தபடியே அரசனுக்கு எதிராகக் கிளம்பினார். அரசன் அவருடைய பதவியைப் பறித்து மொல்லிகொடையிடம் கொடுத்து, படையுடன் அவரையே அனுப்பினான். எகலப்பொலை தோற்று, எல்லையைக் கடந்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கொழும்புக்கு வந்து சேர்ந்தார்.

கண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. மாகாணங்களை ஆளச் செல்லும் பிரதானிகளின் மனைவி மக்கள் தலைநகரிலேயே தங்கியிருக்க வேண்டும். அவர்கள் விருந்தினர் போல இருப்பினும் உண்மையில் பிணையாளிகள். எகலப்பொலை இதை அறியாதவர் அல்லர். அறிந்தே எழுந்தார். 1814 மே மாதத்தில் அரசன் அந்தப் பிணையை வசூலித்தான். பிள்ளைகள் தாயின் கண்முன் வெட்டப்பட்டார்கள். மூத்தவன் அஞ்சித் தாயின் பின்னே ஒளிந்ததாகவும், இளையவனான மத்தும பண்டார தான் முன்வந்து கழுத்தைக் கொடுத்ததாகவும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பின்னர் தாயாகிய குமாரிகாமியையும் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்திக் கொன்றார்கள். புரூட்டஸின் மனைவி போர்சியா நெருப்பை விழுங்கி இறந்ததாக நாடகம் கூறும். அவள் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டாள். இந்தக் குமாரிகாமிக்கு அந்த உரிமையும் இருக்கவில்லை. கணவன் எழுதிய கணக்கை அவள் தண்ணீரிற் கொடுத்துத் தீர்த்தாள்.

போகம்பறைக் குளம் பின்னாளில் தூர்க்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தின் நெரிசலில் நான் நின்றபோது, ஊர்தி பிடிக்க விரைந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு சென்றார்கள். நாடகங்களில் பெரியோரின் சபதங்களுக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் மேடைக்கு வெளியேதான் இறக்கிறார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

1815 ஜனவரியில் ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் பல வழிகளால் மலையேறின. எகலப்பொலையின் இடத்தில் அமர்ந்த மொல்லிகொடையும் தன் பங்குக்கு அரசனைக் கைவிட்டார். பெப்ரவரி 14ஆம் திகதி கண்டி வீழ்ந்தது. 18ஆம் திகதி தும்பறைப் பகுதியில் ஒளிந்திருந்த அரசன் பிடிபட்டான். பிடித்தவர்கள் எகலப்பொலையின் ஆதரவாளரான எக்னெலிகொடையின் ஆட்கள். அவர்கள் அரசனைக் கட்டி இழிவுபடுத்தியதாக வரலாறு கூறுகிறது. மார்ச் 2ஆம் திகதி அரச மண்டபத்தில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. கையொப்பமிட்ட பிரதானிகளுள் எகலப்பொலையும் ஒருவர். சீசர் வீழ்ந்ததும் மார்ச் மாதத்திலேதான்.

அந்த உடன்படிக்கையை மாணவரோடு சேர்ந்து நுணுகிப் படித்தேன். அரசனின் கொடுமைகளைக் காரணம் காட்டி அவனுடைய உரிமையைப் பறிக்கும் அது, அவனுடைய குலத்தாரையும் விடவில்லை. அவன் உறவினரான ஆண்களும், மலபார் இனத்தவரென்று அக்காலம் குறித்த ஆண்களும், அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் நுழைவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஓர் அரசனின் தவறு ஒரு கூட்டத்தின் தவறாக மாற்றி எழுதப்பட்ட இடம் அது. மாணவருள் ஒருவன் இதைக் கேட்டதும் கொதித்தான். தமிழ் அறிந்த அரசனைக் கவிழ்த்ததாலேயே எகலப்பொலை துரோகி என்றான். நான் அவனை அமர்த்தினேன். பிள்ளைகளைத் தாயின் முன் வெட்டச் செய்தவன் எந்த மொழி பேசினால் என்ன? அரசன் நம்மவன் என்பதால் அவன் செயல் நீதியாகாது. அமைச்சர் மற்றவர் என்பதால் அவர் செயல் துரோகமாகாது. வேறு அளவுகோல் வேண்டும் என்று சொன்னேன். அந்த அளவுகோல் எது என்பது அப்போது எனக்கும் விளங்கவில்லை.

நாயக்க அரசன் நீங்கினால் அந்தச் சிங்காசனம் தமக்கு வரும் என்று எகலப்பொலை எண்ணியிருந்தார். சிங்காசனமோ இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குச் சென்றது. மகா அதிகாரப் பதவி மொல்லிகொடையிடமே நின்றது. ஆங்கில அரசாங்கத்தின் நண்பர் என்ற மதிப்புடன் எகலப்பொலை வாழ்ந்தார். மனைவியும் மக்களும் இல்லாத வீட்டில் அந்த நட்பு என்ன பேசியிருக்கும்? கண்டி நகரில் எகலப்பொலை வளவு என்னும் பழைய மாளிகையைப் பார்த்தபோது எனக்கு எழுந்த கேள்வி இதுதான்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1817இல் ஊவாவிலும் வெல்லசையிலும் மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். அப்போது அவர்கள் யாரை அரசனாக முன்னிறுத்தினார்கள்? துரைச்சாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, நீக்கப்பட்ட நாயக்க அரசனின் உறவினன் போல நடித்த வில்பாவே என்பவனை. அந்நியர் என விலக்கப்பட்ட குலத்தின் பெயரை, விலக்கி மூவாண்டு ஆகுமுன்பே மக்கள் தேடிச் சென்றார்கள். சீசரின் பிணத்தைக் கண்ட உரோமாபுரி மக்களும் ஒரே பொழுதில் மனம் மாறினார்கள் அல்லவா?

எழுச்சியை அடக்க ஊவாவின் திசாவையான கெப்பிட்டிபொலையை ஆங்கிலேயர் அனுப்பினார்கள். அவர் குளத்தில் மாண்ட குமாரிகாமியின் சகோதரர், எகலப்பொலையின் மைத்துனர், 1815 உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர். அவர் எழுச்சியாளரைக் கண்டதும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். சேருமுன் ஒன்று செய்தார். ஆங்கிலேயர் தம்மிடம் ஒப்படைத்த துப்பாக்கிகளை அவர்களுக்கே திருப்பி அனுப்பினார். ஓராண்டுப் போருக்குப் பின் பிடிபட்டு, 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் தலை துண்டிக்கப்பட்டார். அவருடைய மண்டையோடு பிரித்தானியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1954இல் இலங்கைக்கு மீண்டு, கண்டியில் அடக்கம் பெற்றது.

எகலப்பொலை அந்த எழுச்சியில் வாளெடுக்கவில்லை. ஆயினும் ஒருமுறை அரசனை விட்டவர் மறுமுறையும் விடுவார் என்ற ஐயம் ஆங்கிலேயருக்கு இருந்தது. பிலிமத்தலாவையின் ஆசனத்தில் தொடங்கிய ஐயம் அது. ஆட்சி மாறியும் மாறவில்லை. 1818இல் அவரைக் கைதுசெய்து கொழும்பில் வைத்தார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இந்நகரில் அவர் காவலில் இருந்தார். 1825இல் மொரிசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். பாம்பிள்மூஸ் என்னும் இடத்தில் அவருடைய கல்லறை உண்டு. அவர் கவிழ்த்த அரசனோ 1816இல் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832 ஜனவரி 30ஆம் திகதி இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. இருவருக்குமிடையே ஒரு கடல். இருவரையும் சிறைவைத்தது ஒரே கை.

சிங்கள மேடை எகலப்பொலையின் துயரை நாடகமாக ஆடியது. தமிழரும் கண்டியரசன் கதையைக் கூத்தாக ஆடினர். ஒரு மேடையில் அரசன் கொடியவன். மற்றொரு மேடையில் அவனே வஞ்சிக்கப்பட்டவன். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே முழுக் கதை கிடைக்கும்.

புரூட்டஸ் எதையும் தனக்கென விரும்பவில்லை. எகலப்பொலை முடியை விரும்பினார். ஆதலால் அவரைப் புரூட்டஸ் என்பது முற்றும் பொருந்தாது. ஆனால் கெப்பிட்டிபொலையின் துப்பாக்கிகள் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கின. பக்கம் மாறுவது மட்டும் துரோகம் என்றால் அவரும் துரோகியே. ஒருவர் நம்பி ஒப்படைத்ததைக் கொண்டே அவரை வீழ்த்துவது துரோகம். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிரே நிற்பது பகை; அந்தப் பகையிலும் ஒரு விசுவாசம் உண்டு. புரூட்டஸ் சீசரின் நட்பைத் திருப்பிக் கொடுக்காமலே அவன் அருகே சென்றான். எகலப்பொலை அரசன் அளித்த மாகாணத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தார். அதற்குரிய தண்டனை அவருக்கு முன்பாக ஒரு தாயையும் குழந்தைகளையும் சென்றடைந்தது. ஆகவே துரோகி என்ற சொல்லை நான் முழுதாக அழித்துவிடவில்லை. ஆனால் அதை இனிக் கரும்பலகையில் தனியாக எழுதமாட்டேன். அதன் அருகே போகம்பறையையும் எழுதுவேன்.

விழா நாளன்று புரூட்டஸாக நடித்த மாணவன் அழவுமில்லை, பெருமிதம் காட்டவுமில்லை. சீசர் வீழ்ந்ததும் தன் கத்தியை அந்த உடலருகே மெல்ல வைத்துவிட்டு, வெறுங்கையுடன் சிறிது நேரம் நின்றான். அப்படிச் செய்யுமாறு நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.