அசலும் நகலும்: பில்லுண்ட் தச்சரின் வாழ்க்கை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையையொட்டிய நல்லம்பள்ளி போன்ற ஊர்களிலும் இன்று குழந்தைகளின் கைகளில் பில்டிங் பிளாக்ஸ் இருக்கின்றன. மேலே குமிழ்களும் அடியில் குழிவும் கொண்ட வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தினால் பற்றிக்கொள்பவை. பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் நிறுவனத்தின் பெயர் வாங்குவோர் நினைவில் நிற்பதில்லை. ஆனால் அதைப் பார்க்கும் எவரும் சொல்லும் பெயர் ஒன்று உண்டு: லெகோ. அந்தப் பெயரைத் தாங்கிய பெட்டி விலை மிகுந்தது, மற்றவை மலிவானவை. ஆகவே, முன்னது அசல், பின்னவை நகல் என்று எளிதாகத் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு முழுவதும் சரியா என்பதை அறிய, லெகோவை நிறுவிய ஓலே கிர்க் கிறிஸ்தியான்செனின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது.

டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில், ஃபில்ஸ்கோவ் என்னும் சிற்றூரின் அருகே 1891 ஏப்ரல் 7ஆம் நாள் ஓலே கிர்க் பிறந்தார். ஏழ்மையான குடும்பம், பிள்ளைகள் பலர். இளம் வயதிலேயே அண்ணனிடம் தச்சுத்தொழில் பயின்றார். பிறகு ஜெர்மனியிலும் நார்வேயிலும் வேலை செய்தார். நார்வேயில் கிர்ஸ்டினே என்ற பெண்ணைச் சந்தித்து அவரை மணந்தார். கையில் சேர்ந்த பணத்தைக்கொண்டு 1916இல் பில்லுண்ட் என்ற ஊரில் ஒரு தச்சுப்பட்டறையை விலைக்கு வாங்கினார். சுற்றுப்புறத்து உழவர்களுக்கு வீடுகளும் தொழுவங்களும் கட்டித்தருவது, கதவு, சன்னல், அறைகலன்கள் செய்வது ஆகியவையே அவரது தொழில்.

அவரது வாழ்வைத் தீ விடாமல் பின்தொடர்ந்தது. 1924இல் சிறுவர்களாக இருந்த அவருடைய மகன்களின் கையிலிருந்து மரச்சீவல்களில் பற்றிய நெருப்பு பட்டறையையும் வீட்டையும் எரித்துச் சாம்பலாக்கியது. அவர் மனம் தளரவில்லை. முன்னதைவிடப் பெரிய கட்டடத்தை எழுப்பினார். அதற்கு வாங்கிய கடன் அடைவதற்குள் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. உழவர்கள் வீடு கட்டுவதை நிறுத்தினார்கள். தச்சருக்கு வேலை இல்லாமற்போயிற்று. பணியாளர்களை ஒவ்வொருவராக அனுப்ப வேண்டியதாயிற்று. 1932இல் மனைவி கிர்ஸ்டினே காலமானார். நான்கு மகன்களுடன், கடனுடன், வேலையற்ற பட்டறையுடன் தனித்து நின்றார் ஓலே கிர்க்.

பெரிய வேலை இல்லாதபோது சிறிய வேலையைச் செய்வது கைவினைஞர்களின் வழக்கம். ஏணி, முக்காலி, துணி தேய்க்கும் பலகை என வீட்டுக்குத் தேவையான பொருள்களைச் செய்தார். அவற்றோடு மிச்ச மரத்தில் பொம்மை வண்டிகளும் விலங்குகளும் செய்தார். பொம்மைகளுக்கு ஆணை கொடுத்த மொத்த வணிகர் ஒருவர் நொடித்துப்போகவே, அவற்றைத் தாமே கடைகடையாகக் கொண்டுசென்று விற்றார். கடனுக்குப் பொறுப்பேற்ற உடன்பிறந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. வளர்ந்த மனிதன், அதுவும் நல்ல தச்சன், பொம்மை செய்து பிழைப்பதா என்ற வருத்தம் அவர்களுக்கு. அவரோ பொம்மையை அற்பமான பொருளாகக் கருதவில்லை. 1934இல் தம் நிறுவனத்துக்கு லெகோ என்று பெயரிட்டார். நன்றாக விளையாடு என்று பொருள்தரும் இரண்டு டேனிஷ் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது.

ஓர் ஆண்டு, யோயோ என்னும் நூல் சுழற்றி மீது மோகம் எழுந்தது. அவரும் ஏராளமாகச் செய்தார். மோகம் திடீரென அடங்கியபோது விற்காத யோயோக்கள் குவிந்துகிடந்தன. அவற்றை இரண்டாகப் பிளந்து பொம்மை வண்டிகளுக்குச் சக்கரமாக்கினார். எதையும் வீணாக்காத அந்த மனிதர், தரத்தில் மட்டும் சிக்கனம் பார்த்ததில்லை. மர வாத்து பொம்மைகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசுவது பட்டறையின் வழக்கம். ஒருமுறை அவருடைய மகன் கோட்ஃப்ரெட், இரண்டு பூச்சோடு நிறுத்திப் பணம் மிச்சப்படுத்தியதாகப் பெருமையுடன் தெரிவித்தார். தந்தை பாராட்டவில்லை. ரயில் நிலையம் சென்று பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாவது பூச்சையும் பூசி, மீண்டும் கட்டி அனுப்பும்படி மகனைப் பணித்தார். வேலை முடிய இரவாயிற்று. அந்தப் பாடத்தைக் கோட்ஃப்ரெட் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1942இல், நாடு நாஜி ஜெர்மனியின் பிடியில் இருந்த காலத்தில், தொழிற்சாலை மீண்டும் எரிந்தது. பொம்மைகளின் வரைபடங்களும் மாதிரிகளும் அழிந்தன. தொழிலையே விட்டுவிடலாமா என்று அவர் எண்ணினார். தம்மை நம்பியிருந்த தொழிலாளர்களை எண்ணி மறுபடியும் கட்டினார்.

போர் முடிந்ததும் அவர் எடுத்த முடிவு வியப்புக்குரியது. ஐம்பது வயதைக் கடந்த மரத்தச்சர், 1946இல் பெருந்தொகை கொடுத்து, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இயந்திரம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து வாங்க முடிவுசெய்தார். அக்காலத்தில் டென்மார்க்கின் பொம்மைத் தொழிலுக்கு அது முற்றிலும் புதியது. அந்த இயந்திரத்தின் ஆற்றலை விளக்கும் மாதிரிகளாகச் சில சிறிய பிளாஸ்டிக் கட்டைகளும் அவர் பார்வைக்கு வந்தன. மேலே குமிழ்களும் உள்ளே வெற்றிடமும் கொண்ட கட்டைகள். இக்கதையில் இரண்டாவது மனிதர் நுழையும் இடம் இதுதான்.

அந்தக் கட்டைகளை உருவாக்கியவர் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர். 1904இல் பிறந்தவர். ஓலே கிர்க் பொம்மை செய்யத் தொடங்கிய அதே 1932இல் கிட்டிகிராஃப்ட் என்ற நிறுவனத்தை அவர் தொடங்கினார். மழலையர் பள்ளிகளுக்குச் சென்று, குழந்தைகள் எதை எடுக்கிறார்கள், எதை எறிகிறார்கள் என்று உற்றுநோக்கியே பொம்மைகளை வடிவமைத்தவர். முதல் ஐந்தாண்டுக் குழந்தைப் பருவ விளையாட்டைப் பற்றி நூலும் எழுதினார். மரப் பொம்மையில் சாயம் உரியும், குழந்தை வாயில் வைக்கும். கழுவக்கூடிய பிளாஸ்டிக்கே தூய்மையானது என்று 1930களிலேயே கருதினார். ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கட்டைக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்று, 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் காப்புரிமை நாட்டு எல்லையைத் தாண்டாது. டென்மார்க்கில் அவர் அதைப் பதிவுசெய்திருக்கவில்லை.

1949இல் லெகோ வெளியிட்ட கட்டைகள் பேஜின் கட்டைகளை மிக நெருக்கமாக ஒத்திருந்தன. அங்குல அளவு மெட்ரிக் அளவாயிற்று, விளிம்புகள் கூர்மையாயின, குமிழ்களின் தலை தட்டையாயிற்று, பரிமாணம் இழையளவு மாறியது. அடிப்படை எண்ணம் பேஜுடையது. வார்னிஷின் மூன்றாவது பூச்சுக்காக மகனை ரயில் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிய மனிதர்தான், இன்னொருவர் கண்டதை எடுத்து வார்த்தார். டேனிஷ் சட்டம் இதைத் தடுக்கவில்லை என்பது உண்மை. உரியவரின் பெயர் உரிய காலத்தில் உலகறியச் சொல்லப்படவில்லை என்பதும் உண்மை. ஓலே கிர்க்கின் நேர்மையை மெச்சுவோர் இந்த இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பேஜ் இந்தச் செய்தியை அறியாமலேயே, தொழில் நெருக்கடிகளுக்கு இடையே, 1957 ஜூன் மாதம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னாளில் பேஜின் கட்டைக்குரிய எஞ்சிய உரிமைகளை லெகோ 1981இல் விலைகொடுத்து வாங்கியது. இன்று அந்நிறுவனமே தன் வரலாற்றில் கிட்டிகிராஃப்டைக் குறிப்பிடுகிறது. அவர் இருந்து பார்த்திருக்க வேண்டிய அங்கீகாரம் அது.

ஆயினும் பில்லுண்டில் நடந்தது வெறும் நகலெடுப்போடு நிற்கவில்லை. தொடக்கத்தில் அந்தக் கட்டைகள் அவ்வளவாக விற்கவில்லை. உள்ளே வெற்றிடமாக இருந்ததால் பிடிப்புப் போதவில்லை. கட்டிய வீட்டைத் தூக்கினால் உதிர்ந்தது. 1955இல் கோட்ஃப்ரெட், தனித்தனிப் பொம்மைகளுக்குப் பதிலாக, எந்தப் பெட்டியின் கட்டையும் எந்தப் பெட்டியோடும் சேரக்கூடிய ஓர் ஒழுங்கமைப்பை உருவாக்கினார். அடுத்து, கட்டையின் அடியில் குழாய்களை அமைத்தார். மேற்கட்டையின் குழாயும் சுவரும் கீழ்க்கட்டையின் குமிழை இறுக்கிப் பிடித்தன. இந்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமை விண்ணப்பம் அளிக்கப்பட்டது. ஆறு வாரங்கள் கழித்து, மார்ச் 11ஆம் நாள், ஓலே கிர்க் தம் 66ஆம் வயதில் காலமானார். தாம் தொடங்கிய கட்டை உலகை ஆளப்போவதை அவரும் காணவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின், 1960இல், மரப்பொம்மைக் கிடங்கை மீண்டும் ஒரு தீ விழுங்கியது. அத்தோடு மரப்பொம்மை செய்வதையே நிறுவனம் கைவிட்டது.

காலச்சக்கரம் சுழன்றது. லெகோவின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியானதும் மற்றவர்கள் அதே கட்டையை வார்க்கத் தொடங்கினர். இப்போது நகலெடுப்பதைத் தடுக்கும்படி நீதிமன்றங்களை நாடியது லெகோ. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தன. கட்டையின் வடிவம் அதன் வேலையைச் செய்வதற்கே அமைந்தது; அதற்குக் காப்புரிமைக் காலம் வரைதான் ஏகபோகம்; வணிகக்குறி என்ற பெயரில் அதை என்றென்றைக்கும் நீட்டிக்க முடியாது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டமும் இதே கொள்கையைக் கொண்டது.

அதேவேளையில், எல்லா நகலும் ஒன்றல்ல. லெகோவின் முழுப் பொம்மைத் தொகுப்புகளையும் பெட்டி ஓவியத்தையும் அப்படியே பெயர்த்து, லெபின் என்ற பெயரில் விற்ற சீனக் குழுவினர் ஒன்பது பேருக்கு 2020இல் ஷாங்காய் நீதிமன்றம் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளிக்கு ஆறாண்டுச் சிறை. எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் குமிழ் அமைந்த கட்டை மனிதகுலத்தின் பொதுச்சொத்து. ஒரு வடிவமைப்பாளர் அக்கட்டைகளால் உருவாக்கிய கப்பலோ கோட்டையோ அவருடைய படைப்பு. பிறர் பெயரை ஒட்டி விற்பது மோசடி. தன் பெயரில், தன் வடிவமைப்பில், அந்தக் கட்டையைச் செய்து விற்பது தொழில்.

எனவே, பெயர் பெறாத ஒரு கட்டைப் பெட்டியை மதிப்பிட, அது லெகோவா இல்லையா என்பது முதற்கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. ஓலே கிர்க்கின் அளவுகோலையே அதற்கும் வைக்கலாம். கட்டைகள் இறுகப் பற்றுகின்றனவா? பிள்ளையின் விரலால் பிரிக்க முடிகிறதா? நூறாவது கட்டையும் முதல் கட்டையின் அளவில் இருக்கிறதா? கட்டி முடித்ததைத் தூக்கினால் நிற்கிறதா? விளிம்பு விரலைக் கீறுகிறதா? செய்முறைத் தாள் தெளிவாக இருக்கிறதா? இவை அனைத்தும் அச்சின் துல்லியத்தையும் செய்பவரின் அக்கறையையும் பொறுத்தவை. இவற்றில் தேறினால் பெயரில்லாத பெட்டியும் நல்ல பெட்டிதான். தோற்றால், அதன் மலிவு ஏமாற்றமாகவே முடியும்.

இன்னொரு கேள்வி விலக்கில்லாதது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். சிறு பாகங்கள் தொண்டையில் சிக்கும் ஆபத்தும், சாயத்தில் நச்சு உலோகம் கலக்கும் ஆபத்தும் ஏழைக் குழந்தைக்கும் பணக்காரக் குழந்தைக்கும் ஒன்றே. முத்திரையற்ற பெட்டி கடைக்கு வராமல் தடுப்பது அரசின் கடமை. கேட்டு வாங்குவது பெற்றோரின் கடமை.

சொப்புச் சாமானும் மரப்பாச்சியும் கடைந்த கைகள் நம்மிடமும் உண்டு. பெருந்தொழிலாகப் பொம்மை செய்யும் ஆலை இராணிப்பேட்டையில் இயங்குகிறது. உலகத் தரத்தில் ஒரு கட்டையை வார்க்கச் சட்டத்தடை ஏதும் இன்று நமக்கில்லை. தேவைப்படுவன இரண்டு: எவரிடமிருந்து கற்றோம் என்பதை மறைக்காத நேர்மை, யாரும் பார்க்காத இடத்திலும் மூன்றாவது பூச்சைப் பூசும் பொறுப்பு. முன்னதில் பில்லுண்ட் தச்சர் தவறினார். பின்னதில் அவருக்கு நிகர் அவரே. இரண்டும் ஒருசேர வாய்க்கும் தொழிலகத்திலிருந்து வரும் கட்டையை, அது எந்தப் பெயரில் வந்தாலும், நகல் என்று சொல்ல இயலாது.