மாவு அரைத்தவர் தந்த கணக்கு



கணக்குப் பாடத்தில் புதிதாக ஒரு முறை வந்ததும், இது எதற்குப் பயன்படப் போகிறது என்று நீங்கள் அலுத்துக்கொண்டது உண்டா? அப்படியானால் ஜார்ஜ் கிரீன் கதையை அவசியம் படியுங்கள். கல்லூரியில் இயற்பியலை ஆழமாகப் படிக்கப் போகும்போது, அவர் பெயர் கொண்ட கணித முறைகளை நீங்களும் கற்பீர்கள்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்ற ஊரில் 1793-ல் பிறந்தார் கிரீன். அப்பா ரொட்டி சுடுபவர். எட்டு வயதில் பள்ளிக்குச் சென்ற சிறுவன் சுமார் ஒன்றரை ஆண்டுதான் படித்தான். பிறகு அப்பாவின் கடையில் வேலை.

1807-ல் அப்பா, பக்கத்துக் கிராமமான ஸ்னெயின்டனில் ஒரு காற்றாலை கட்டினார். காற்றில் இறக்கைகள் சுழல, உள்ளே கல் சுழன்று கோதுமையை மாவாக்கும். அந்த ஆலையில் உழைத்தபடியே கிரீன் தானாகக் கணக்குக் கற்றார். 1823-ல் ஊர் நூலகத்தில் உறுப்பினரானார். அந்தக் காலத்தில் கணிதத்தில் முன்னணியில் இருந்தவர்கள் பிரெஞ்சு அறிஞர்கள். லாப்லாஸ், பாய்சான் போன்றோர் எழுதியவற்றை அவர் ஊன்றிப் படித்தார்.

மின்சாரமும் காந்தமும் கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கின்றன, தள்ளுகின்றன. அந்த விசையைக் கணக்கிட ஒவ்வொரு இடத்திலும் அளவு, திசை இரண்டும் வேண்டும். இது பெரிய தலைவலி! பிரெஞ்சு அறிஞர்கள் இதற்கு ஒரு சுலப வழி கண்டிருந்தார்கள். மலைச்சரிவில் ஒரு பந்தை வைத்தால் எந்தப் பக்கம் உருளும்? ஒவ்வொரு இடத்தின் உயரமும் தெரிந்தால் சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல, மின்சாரத்துக்கும் இடத்துக்கு ஓர் எண் போதும். அந்த எண்ணுக்குப் பொட்டென்ஷியல் என்று பெயர் வைத்தவர் கிரீன். நாம் மின்னழுத்தம் என்கிறோம். பேட்டரியில் 1.5 வோல்ட் என்று போட்டிருக்கிறதே, அது இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடுதான்.

கிரீன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஓர் அறையில் ஒரு விளக்கு எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் தரும் என்று தெரிந்தால், பல விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லலாம். அப்படியே ஒரு புள்ளியில் உள்ள மின்னூட்டத்தின் விளைவைக் கண்டு, பிறகு எல்லாவற்றையும் கூட்டும் முறையை உருவாக்கினார்.

1828-ல் இவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். முன்பதிவு செய்து வாங்கியவர்கள் 51 பேர் மட்டுமே! அவர்களில் எட்வர்ட் பிராம்ஹெட் என்பவர் உதவுவதாகக் கடிதம் எழுதினார். அது வெறும் மரியாதைக்கு எழுதியது என்று யாரோ சொல்ல, கிரீன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பதிலே போடவில்லை. நல்லவேளை, பிறகு எழுதினார். பிராம்ஹெட் காட்டிய வழியில், 1833-ல் 40 வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். இளைஞர்களோடு உட்கார்ந்து படித்து, 1837-ல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார்.

ஆனால் உடல்நலம் குன்றி, 1841-ல் தமது 47-ம் வயதில் காலமானார். அவர் புத்தகத்தின் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை.

1845-ல் வில்லியம் தாம்சன் என்ற 20 வயது இளைஞர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்து வியந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர் இவர்தான். அவர் முயற்சியால் 1850 முதல் ஜெர்மனியின் புகழ்பெற்ற கணித இதழில் அது வெளிவந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின், அணுவினும் சிறிய துகள்களை ஆராய்ந்த ஜூலியன் ஷ்விங்கரும் கிரீனின் முறையைக் கையாண்டார். அவர் 1965-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

கிரீனின் முகம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம்கூட இல்லை. ஆனால் 1993-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டன் கல்லறைக்கு அருகே அவருக்கு நினைவுக்கல் பதித்தார்கள்.

பார்த்தீர்களா குழந்தைகளே! ஆர்வத்தோடு கற்ற கணக்கு வீண்போவதில்லை. நாளைக்குக் கணக்கு நோட்டைத் திறக்கும்போது, மாவு படிந்த அந்தக் கைகளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.