80 மாதச் சம்பளத்தில் ஒரு படயந்திரம்!
ஊர் ஊராகச் சினிமா காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்

ரெயில்வேயில் உத்தியோகம். மாதச் சம்பளம் 25 ரூபாய். வயது 22.

இப்படிப்பட்ட வாலிபர் ஒருவர், 1905-ம் ஆண்டில், சுமார் 2 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு யந்திரத்தை வாங்கினார். அது நெல் குத்தும் யந்திரம் அல்ல. நூல் நூற்கும் யந்திரமும் அல்ல. வெள்ளைத் துணியில் மனிதர்களை நடமாட வைக்கும் யந்திரம்!

2 ஆயிரம் ரூபாய் என்பது அவருடைய 80 மாதச் சம்பளம். ஒரு காசு கூடச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தாலும், அந்தத் தொகை சேர 6 வருஷமும் 8 மாதமும் ஆகும்.

ஊரார் என்ன நினைத்திருப்பார்கள்? நல்ல உத்தியோகத்தைக் கெடுத்துக் கொள்கிறானே என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால், தென்னாட்டில் சினிமாத் தொழிலுக்கு வித்திட்டது அந்த யந்திரம். அதை வாங்கிய வாலிபர்தான் சாமிக்கண்ணு வின்சென்ட்.

திருச்சிக்கு வந்த வெள்ளைக்காரர்

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ம் ஆண்டில் கோயமுத்தூரில் பிறந்தார். வளர்ந்து ஆளானதும், தென்னிந்திய ரெயில்வேயில், திருச்சி ஆபீசில், வரைபடம் போடும் வேலையில் அமர்ந்தார். கோடு போடுவதும், அளவு எடுப்பதும், கணக்குப் பார்ப்பதும் அவருடைய அன்றாட வேலை. இந்தப் பழக்கம் பின்னால் அவருக்கு எவ்வளவு உதவி செய்திருக்கும் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

அப்போது சினிமா பிறந்து 10 ஆண்டுதான் ஆகியிருந்தது. பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி. மறு வருஷம் ஜூலை 7-ந் தேதியே, பம்பாயில் வாட்சன் ஓட்டலில் அந்தப் படங்கள் காட்டப்பட்டன. அதன்பின் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் யந்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, துறைமுகம் துறைமுகமாக, ரெயில் நிலையம் ரெயில் நிலையமாகச் சுற்றத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர். படம் காட்டிக்கொண்டே திருச்சிக்கு வந்தவருக்கு உடல்நலம் கெட்டது. யந்திரத்தையும் படச் சுருள்களையும் விற்றுவிட்டுத் தாய்நாடு திரும்ப முடிவு செய்தார்.

இந்தச் செய்தி வின்சென்ட் காதில் விழுந்தது. எப்படியோ பணத்தைப் புரட்டினார். யந்திரத்தை வாங்கினார். கூடவே சில படச் சுருள்களும் கிடைத்தன. அவற்றில் முக்கியமானது ஏசுநாதர் வாழ்க்கையைக் காட்டும் மவுனப் படம்.

உத்தியோகத்துக்கு முழுக்குப் போட்டார். புறப்பட்டார், படம் காட்ட!

வெளிச்சம் எங்கே?

யந்திரம் கைக்கு வந்துவிட்டால் படம் தெரிந்துவிடுமா? தெரியாது. அதிலேதான் இருக்கிறது சூட்சுமம்.

அந்தக் காலத்து யந்திரத்துக்கு மோட்டார் கிடையாது. கையால் சுற்ற வேண்டும். பிடியை ஒரு தரம் சுற்றினால் 8 படம் நகரும். வினாடிக்கு 2 சுற்று. அதாவது வினாடிக்கு 16 படம், 1 அடி பிலிம். ஆயிரம் அடிச் சுருளை ஓட்டி முடிக்க 16 நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகும். கை 2 ஆயிரம் தடவை சுழன்றாக வேண்டும்! கை தளர்ந்தால் திரையில் உள்ளவர்கள் நொண்டுவார்கள். கை வேகம் எடுத்தால் பேய் பிடித்தவர்கள் போல ஓடுவார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் வெளிச்சம். நம் ஊர்களில் அன்று மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு நூறு பேருக்குப் படம் காட்ட முடியாது. ஊர் சுற்றிப் படம் காட்டியவர்களுக்கு அன்று பெரும் துணையாக இருந்தது சுண்ணாம்பு வெளிச்சம். ஆக்சிஜன் வாயுவோடு ஹைட்ரஜன் வாயுவை அல்லது ஈதர் ஆவியைச் சேர்த்து எரித்து, அந்தச் சுவாலையை ஒரு சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சுவார்கள். கட்டி பழுத்து, கண் கூசும்படி வெள்ளை வெளேர் என்று ஒளி வீசும்.

ஒளி வந்தது, கூடவே ஆபத்தும் வந்தது. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், தண்ணீரில் போட்டாலும் அணையாது. 1897-ம் ஆண்டு மே 4-ந் தேதி பாரிஸ் நகரில் ஒரு தருமச் சந்தையில் படம் காட்டியபோது, விளக்கில் இருந்து கசிந்த ஈதர் ஆவியில் தீக்குச்சி நெருப்புப் பட்டுப் பெரும் தீ மூண்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆகவே, பிடியைச் சுற்றுவதை நடுவில் நிறுத்தலாகாது. நிறுத்தினால், விளக்கின் சூடு ஒரே படத்தில் விழுந்து பிலிம் கருகும். இந்தச் சூட்டைத் தணிக்க, விளக்குக்கும் பிலிமுக்கும் இடையே தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரம் வைப்பதும் உண்டு. ஒளி தண்ணீரைத் தாண்டி வரும். சூட்டின் பெரும் பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

வின்சென்ட் ஏற்றுக்கொண்ட தொழில் இப்படிப்பட்டது. மேலே துணிக் கொட்டகை. கீழே தரையில் ஜனங்கள். நடுவில் நெருப்பு!

எவ்வளவு தூரத்தில் வைப்பது?

புதிய ஊருக்குப் போனால் முதல் வேலை இடம் பார்ப்பது. கூடாரம் அடிக்க வேண்டும். துணியை இழுத்துக் கட்ட வேண்டும். யந்திரத்தை எங்கே வைப்பது?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பிலிமில் உள்ள சிறு படத்தின் அகலம் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. 4 அங்குல லென்சைப் போட்டு, திரையில் இருந்து 40 அடி தள்ளி யந்திரத்தை வைத்தால், திரையில் சுமார் 9 அடி அகலப் படம் விழும். 80 அடி தள்ளி வைத்தால் 18 அடி அகலம்.

படம் பெரிதானால் ஜனங்களுக்குச் சந்தோஷம்தானே என்று எண்ணலாம். அங்கேதான் ஏமாறுவார்கள்! அகலம் இரு மடங்கானால் உயரமும் இரு மடங்காகும். அதே வெளிச்சம் நாலு பங்கு இடத்தில் பரவும். ஆகவே படத்தின் பிரகாசம் நாலில் ஒரு பங்காகக் குறைந்து மங்கிப் போகும். சிறிய படமாக இருந்தாலும் பளிச்சென்று இருக்க வேண்டுமா, பெரிய படமாக மங்கலாக இருந்தாலும் போதுமா என்பதைக் காட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

யந்திரத்தின் உயரமும் முக்கியம். கீழே வைத்து அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்தால், படம் மேலே விரிந்து கீழே குறுகி, முறம் போல ஆகிவிடும். திரையின் நடு மட்டத்துக்கு யந்திரத்தைத் தூக்கி நிறுத்தினால்தான் நாலு மூலையும் நேராக நிற்கும்.

துணியில் சுருக்கம் இருந்தால், ராஜாவின் முகத்திலும் சுருக்கம் விழும். கூடாரத்தில் ஒரு கிழிசல் இருந்தால், உள்ளே நிலா வெளிச்சம் புகுந்து படத்தைக் கெடுக்கும். பொழுது சாய்ந்து நன்றாக இருட்டிய பிறகே ஆட்டம்.

வரைபடம் போட்டுப் பழகிய கைக்கு, அடியும் அங்குலமும் அந்நியம் அல்ல. ரெயில்வே ஆபீசில் கற்ற கணக்கு, கூடாரத்தில் கை கொடுத்திருக்கும் என்று சொல்வதில் தவறில்லை.

பெஷாவர் முதல் சிங்கப்பூர் வரை

வின்சென்டின் கூடாரம் திருச்சியோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்குப் போனது. வடக்கே லக்னோ, லாகூர், பெஷாவர் வரையிலும் போனது. கடல் கடந்து பர்மா, மலேயா, சிங்கப்பூருக்கும் போனது. சென்னையில் எஸ்பிளனேட் பகுதியில் கூடாரம் அடித்து, எடிசன் பெயரைச் சூட்டிப் படம் காட்டினார்.

போன இடமெல்லாம் கூட்டம். யந்திரம் ஒன்றுதான் என்பதால், ஒரு சுருள் முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்தி அடுத்த சுருளை மாட்ட வேண்டும். அதைக்கூட ஜனங்கள் பொருட்படுத்தவில்லை. கதை கேட்டும் கூத்துப் பார்த்தும் பழகியவர்கள், இப்போது ரெயில் ஓடுவதையும் அலை அடிப்பதையும் துணியில் பார்த்தார்கள்.

அனுபவம் அவரை வியாபாரியாகவும் ஆக்கியது. பிரான்சு நாட்டின் பாதே கம்பெனியாரின் யந்திரங்களையும் படங்களையும் விற்கும் ஏஜெண்டானார். தாம் ஒரு யந்திரத்தை வாங்கிப் பட்ட பாட்டை எல்லாம் அறிந்தவர், பிறருக்கு யந்திரம் தேர்ந்து கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். தென்னாட்டில் புதிதாகப் படம் காட்ட முன்வந்தவர்கள் பலர் அவரிடம் வந்தார்கள்.

வெரைட்டி ஹால்

எத்தனை காலம்தான் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அலைவது? மழை பெய்தால் ஆட்டம் இல்லை. காற்று அடித்தால் துணி பறக்கும்.

சென்னை மவுண்ட் ரோட்டில், 1913-ம் ஆண்டில், வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலெக்டிரிக் தியேட்டரைக் கட்டினார். மறு வருஷமே, அதாவது 1914-ல், வின்சென்ட் தம்முடைய சொந்த ஊரான கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி முடித்தார். தென்னாட்டில் எழுந்த முதல் நிரந்தரச் சினிமாக் கொட்டகைகளில் அதுவும் ஒன்று.

கட்டிடம் ஆயிற்று. வெளிச்சம்?

பெரிய கொட்டகைக்குச் சுண்ணாம்புக் கட்டி போதாது. கார்பன் விளக்கு வேண்டும். இரண்டு கரிக் குச்சிகளை நுனிக்கு நுனி நெருக்கி மின்சாரம் பாய்ச்சினால், சூரியன் துண்டு போல ஒளி பிறக்கும். குச்சிகள் எரிந்து தேய்ந்துகொண்டே வரும். ஆபரேட்டர் அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை இருண்டுவிடும்.

இதற்கு மின்சாரம் வேண்டுமே! வின்சென்ட் காத்திருக்கவில்லை. என்ஜின் வைத்துத் தாமே மின்சாரம் உண்டாக்கினார். அந்த மின்சாரம் படத்தோடு நின்றுவிடவும் இல்லை. மின்சாரத்தால் ஓடும் அச்சுக்கூடம் வைத்தார். மாவும் நெல்லும் அரைக்கும் ஆலை வைத்தார். ஒரு திரைக்கு வெளிச்சம் தேடிப் புறப்பட்டவர், ஓர் ஊருக்கே மின்சாரத்தின் பயனைக் காட்டினார்!

1918-ம் ஆண்டில் சினிமாச் சட்டம் பிறந்தது. லைசென்சு இல்லாமல் படம் காட்டக் கூடாது, தீ விபத்துக்குத் தக்க காப்பு இருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கூடாரக் காலத்தின் அபாயம் மெல்ல மெல்ல விலகியது.

பேசத் தொடங்கிய படம்

1931-ம் ஆண்டில் காளிதாஸ் படம் வெளிவந்தது. திரையில் இருந்து தமிழ்ப் பாட்டுக் கேட்டது. கொட்டகைக்காரர்களுக்கு ஒரு பக்கம் ஆனந்தம். மறு பக்கம் கலக்கம். பழைய யந்திரம் இனிப் பயன்படாது! வினாடிக்கு 16 படம் போய் 24 படம் ஆயிற்று. கையால் சுற்றினால் பாட்டு இழுபடும். மோட்டார் வேண்டும். பிலிமின் ஓரத்தில் உள்ள ஒலிக் கோட்டைப் படிக்கத் தனி விளக்கு வேண்டும். திரையில் நுண்ணிய துளைகள் வேண்டும்; அதன் பின்னே ஒலிபெருக்கி வேண்டும்.

பலர் திகைத்து நின்றார்கள். வின்சென்ட் இன்னும் ஒரு படி முன்னே போனார். கல்கத்தா பயனீர் கம்பெனியோடு சேர்ந்து, பேசும் படத் தயாரிப்பிலேயே இறங்கினார். டி.பி.ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் 1933-ல் வெளிவந்து, பெரும் வெற்றி பெற்றது. பின்னர், கோவையில் சென்டிரல் ஸ்டூடியோ தோன்றியபோது, அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக இருந்தார்.

1942-ம் ஆண்டு ஏப்ரலில் வின்சென்ட் காலமானார். அப்போது அவருக்கு வயது 59.

இன்றும் அதே கணக்கு

இன்று, படம் காட்டும் யந்திரம் ஒரு புத்தகம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிலிம் இல்லை. நெருப்பு இல்லை. பிடி சுற்ற வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில், விரும்பிய வீடியோவைச் சுவர் நிறையப் பார்க்கலாம்.

ஆனாலும், அதை வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மாறவில்லை. வெளிச்சம் எவ்வளவு? சுவருக்கும் யந்திரத்துக்கும் தூரம் எவ்வளவு? திரை சமமாக இருக்கிறதா? அறை இருட்டாக இருக்கிறதா? இந்த நாலுக்கும் விடை சொல்லாமல், விலையை மட்டும் பார்த்து வாங்கினால், மங்கலும் கோணலுமே மிஞ்சும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு யந்திரத்தைக் குறை சொல்வதில் பயன் இல்லை. சாய்ந்த படத்தை நேராக்க இன்றைய யந்திரங்களில் பொத்தான் உண்டு. என்றாலும், யந்திரத்தைத் திரைக்கு நேராக வைப்பதே நல்லது. பொத்தானால் நேராக்கும்போது படத்தின் தெளிவில் கொஞ்சம் குறைந்து போகும்.

80 மாதச் சம்பளத்தைப் பணயம் வைத்த வின்சென்ட், இவற்றை எல்லாம் கூடாரத்தில் நின்று, கை நோகச் சுற்றிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கோவைக்குப் போகிறவர்கள் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயரை இன்றும் காணலாம். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது, 25 ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைத் தேடிப் போன அந்த வாலிபரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.