பச்சையப்பரைப் பெற்ற தாய்

பச்சையப்ப முதலியாரின் பெயரை அறியாத தமிழர் மிகச் சிலரே. அவர் பெயரால் நடைபெறும் கலாசாலைகளில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இந்நாட்டில் எண்ணிறந்தவர்கள். ஆனால் அவரைப் பெற்று வளர்த்த பூச்சியம்மாள் யார் என்று கேட்டால், அந்தப் பட்டதாரிகளிலேயே பலர் விழிப்பர். கொடுத்தவரைக் கொண்டாடுவது நியாயமே. அவரை உலகுக்குக் கொடுத்தவளை மறப்பது நியாயமாகாது.

பச்சையப்பர் பிறந்தது 1754ஆம் வருஷம். அக்காலத்தில் தொண்டை மண்டலம் இருந்த நிலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆற்காட்டு நவாபுப் பட்டத்துக்கு இரு கட்சியார் போட்டியிட்டனர். ஒரு கட்சிக்கு ஆங்கிலேயரும் மற்றொரு கட்சிக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். செங்கற்பட்டுக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கிளைவ் கைப்பற்றியது 1752இல். அந்நியர் இருவர் நம் மண்ணில் நின்று நம் மண்ணுக்காகவே அடித்துக் கொண்டார்கள். சண்டையிட்டவர்கள் கோட்டைகளை எண்ணினார்கள். அநாதைகளையும் விதவைகளையும் எண்ணியவர் எவருமில்லை.

இத்தகைய காலத்தில்தான் விசுவநாத முதலியார் காலமானார். அவர் மனைவி பூச்சியம்மாளுக்கு அப்பொழுது இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது குழந்தை வயிற்றில். கைப்பொருள் இல்லை, தாங்குவதற்குக் கணவனும் இல்லை. அந்நாளில் ஹிந்து விதவையின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதை நேயர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. மனம் உடைந்து மூலையில் முடங்கியிருந்தால் அவளை யாரும் குறை கூறியிரார். ஆனால் அவள் முடங்கவில்லை. இரு பெண்களையும் அழைத்துக் கொண்டு பெரியபாளையம் சென்று, கணவரின் நண்பராகிய ரெட்டிராயரை அடைக்கலம் அடைந்தாள். பின்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூரிலேதான், தந்தை முகம் காணாத அக்குழந்தை பிறந்தது.

ரெட்டிராயரும் காலமான பின்பு அக்குடும்பத்துக்கு இருந்த நிழலும் போயிற்று. மறுபடியும் அத்தாய் குழந்தைகளோடு புறப்பட்டுச் சென்னப்பட்டணம் வந்தாள். அங்கே நாராயண பிள்ளை என்னும் துபாஷ் அவர்களை ஆதரித்தார். துபாஷ் என்பவர் கும்பினி வெள்ளைக்காரருக்கும் நம் நாட்டாருக்கும் இடையே நின்று பேச்சையும் பேரத்தையும் நடத்தித் தருபவர். அவருடைய ஆதரவிலே பச்சையப்பர் கணக்கும் வியாபாரமும் கற்றார். பிறர் ஆதரவில் வாழும் ஏழை விதவை, மகனைச் சிறு வயதிலேயே ஏதேனும் கூலிக்கு விட்டு நாலு காசு தேடியிருக்கலாம். பூச்சியம்மாள் பசியைப் பொறுத்தாள். மகனுக்குத் தொழில் வந்தது. அவர் பின்னால் தேடிய பெருஞ்செல்வத்துக்கெல்லாம் இதுவே முதல்.

பச்சையப்பர் பதினாறு வயதுக்குள் வியாபாரத்தில் இறங்கினார். பிறகு தாமே துபாஷாகித் தஞ்சாவூர்ச் சீமையிலும் பெரிய கொடுக்கல் வாங்கல் நடத்தினார். அக்காலத்துத் துபாஷிகளின் செல்வமெல்லாம் குற்றமற்ற வழியில் வந்தது என்று சாதிக்க நாம் முன்வரவில்லை. கும்பினி ஆட்சியில் குடியானவன் மெலிய, இடையில் நின்றவர்கள் கொழுத்தார்கள் என்பது சரித்திரம். ஆயினும், அப்படிக் கொழுத்தவர் பலரின் பெயரும் இன்று மண்ணோடு மண்ணாயிற்று. பச்சையப்பர் பெயர் நிற்கிறது. வறுமையில் பிறந்தவர் அதை மறக்கவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். 1794ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 31ஆம் தேதி, நாற்பதாவது வயதில் அவர் காலமானார். அதற்குச் சில தினங்கள் முன்பு எழுதிய மரண சாசனத்தில் தம் பொருளை ஆலய கைங்கரியங்களுக்கும் அன்னதானம் முதலிய தர்மங்களுக்கும் வைத்துச் சென்றார்.

அந்தத் தர்மம் உடனே நடந்தேறவில்லை. வழக்குகளில் பல்லாண்டுகள் சிக்கிக் கிடந்தது. முடிவில் சென்னை சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுப் பணத்தைக் காத்தது. கோயில் தர்மங்களுக்குப் போக மிஞ்சித் திரண்டிருந்த தொகை கல்விக்கென்று ஒதுக்கப்பட்டது. 1842ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னையில் பச்சையப்பர் பள்ளி தோன்றியது. பாதிரிமார் பணமும் சர்க்கார் பணமும் இன்றி, நம்மவர் பொருளாலேயே தென்னாட்டில் எழுந்த ஆதிப் பள்ளிகளுள் அது தலையாயது. 1889இல் அது முதல் தரக் கலாசாலையாக உயர்ந்தது.

அங்கே படித்தவர் வரிசையைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கணித மேதை ராமானுஜன், கோயிலில் பஜனை பாடிக் குடும்பத்துக்கு உதவிய கோமளத்தம்மாளின் மகன். காஞ்சிபுரத்து அண்ணாதுரையைச் சிறிய தாயார் ராஜாமணி அம்மையார் பெற்ற மகனைப் போலவே வளர்த்தார். ஏழை விதவை ஒருத்தியின் மகன் வைத்த பொருள், இவ்வாறு எளிய தாய்மாரின் மக்களுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

ஒரு குறையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அக்கலாசாலையின் கதவு 1947 வரையில் ஹிந்து மாணவருக்கு மட்டுமே திறந்திருந்தது. பெண்களுக்கு வெகுகாலம் அதில் இடமே இல்லை. பூச்சியம்மாளுடைய மகனின் தர்மத்தில் பூச்சியம்மாளைப் போன்றவர்களின் பெண்களுக்குப் பங்கில்லாமல் இருந்தது! பிற்காலத்தில் இக்குறை நீங்கியது. அவர் பெயரால் காஞ்சிபுரத்தில் பெண்களுக்கென்றே ஒரு கலாசாலை நடைபெற்று வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயம்.

தாயின் பெருமையைப் பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. தாய்நாடு என்றும் தாய்மொழி என்றும் நாம் முழங்குகிறோம். ஆனால் கைக்குழந்தையோடு தெருவில் நிற்கும் ஒரு விதவைக்கு நம் வீட்டுக் கதவு திறக்கிறதா? அவள் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு நம் கை நீள்கிறதா? பெரியபாளையத்தில் அன்று ரெட்டிராயர் கதவைச் சாத்தியிருந்தால், பச்சையப்பரும் இல்லை, கலாசாலையும் இல்லை. ஒரு தாய்க்குச் செய்த உதவி எத்தனை தலைமுறைக்குப் பயன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தாயன்பைப் போற்ற விரும்புவோர் பாமாலை சூட்டுவதோடு நில்லாமல், தத்தம் ஊரில் உதவியின்றி நிற்கும் ஒரு தாயைத் தேடிச் செல்வார்களாக.