கல்லைப் படித்த புரூஸ் ஃபூட்

மணி என்று போற்றிப் பேழையில் வைக்கப்படும் கல்லும், வழியில் கிடந்து காலை இடறும் கல்லும் ஒரே நிலம் ஈன்றவையே. முன்னதை நாடுவோர் பலர். பின்னதைக் குனிந்து எடுத்து, இஃது எவ்வகைக் கல், எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

இவர் 1834ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்து நாட்டிலுள்ள செல்ட்டனம் நகரில் பிறந்தார். 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் அலுவல் ஏற்றுச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று பாறைகளின் வகையை அறிந்து நிலப்படத்தில் குறிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. தமிழறிஞர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை அவர் மணந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர் அப்பெர்சிவல். 6,000க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874இல் வெளியிட்டவரும் அவரே. மாமனார் மக்கள் வாயில் உதிர்ந்த சொற்களைப் பொறுக்கினார். மருகர் மண்ணில் உதிர்ந்த கற்களைப் பொறுக்கினார்.

கல்லின் வகையறிதல் எளிய செயலன்று. நிறத்தை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். செந்நிற மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தம் என்னும் ஒரே பொருளின் இரு கோலங்களே. சிறிதளவு கலந்துள்ள பிற உலோகங்களே அந்நிற வேறுபாட்டைத் தருகின்றன. (குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லே சிறிது திரிந்து ஆங்கிலத்தில் அக்கல்லின் அறிவியற் பெயராயிற்று என்பது தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்கது.) ஆதலின் அறிஞர் கல்லின் கடினத்தைச் சோதிப்பர். படிகக்கல் கண்ணாடியைக் கீறும். கத்தியின் முனையோ படிகக்கல்லைக் கீறாது. இயல்பாக வளர்ந்த படிகத்துக்கு ஆறு பட்டைகள் உண்டு. உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து குழிந்திருக்கும். இத்தகைய அடையாளங்களை நாள்தோறும் நோக்கி நோக்கி ஃபூட்டின் கண்கள் பழகியிருந்தன.

அப்பயிற்சியின் பயன் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் விளைந்தது. சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படைவீரர் அணிவகுக்கும் திடலருகே, சரளைக்கல் எடுப்பதற்காகத் தோண்டிய குழி ஒன்று இருந்தது. அதில் கிடந்த கற்களுள் ஒன்று அவர் பார்வையை ஈர்த்தது. அது குவார்ட்சைட் என்னும் கடுங்கல். பல்லாவரக் குன்றின் கருங்கல்லோ வேறு இனம். ஆற்றுநீரில் உருண்ட கல்லாயின் அதன் மேனி முழுதும் வழவழப்பாக இருத்தல் வேண்டும். இக்கல்லிலோ இரு புறத்தும் சில்லுகள் பெயர்க்கப்பட்ட தழும்புகள் காணப்பட்டன. அத்தழும்புகள் ஓரத்தில் ஒன்றுகூடிக் கூரிய விளிம்பாகியிருந்தன. நீரும் வெயிலும் இவ்வாறு ஒழுங்குறச் செதுக்கா. மனிதன் கையே இதனைச் செய்தது என்று ஃபூட் துணிந்தார்.

அத்துணிவு சிறிய செயலன்று. மனித குலம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது என்று ஐரோப்பியர் பலர் நம்பியிருந்த காலம் அது. பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கற்கருவிகள் மெய்யாகவே மிகத் தொன்மையானவை என்று அறிஞர் ஒப்புக்கொண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே கல்லைக் காட்டி வழக்குரைத்தால் உலகம் நகைக்கும். ஆகவே ஃபூட் மேலும் சான்று தேடினார். அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பாருடன் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்து ஓடையில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டெடுத்தார். பல்லாவரத்துக் கல் தனிக்கல் அன்று என்பது உறுதியாயிற்று. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அத்துணைப் பெரிய எண்ணை ஃபூட்டும் கனவிலும் கருதியிரார்!

பாறை ஆய்வு அரசு தந்த பணி. கருவி தேடலோ அவர் தாமே விரும்பி மேற்கொண்டது. கூடாரம் அடித்த இடமெல்லாம் ஓய்வு நேரத்தில் ஓடைக்கரையையும் மேட்டு நிலத்தையும் துழாவினார். இவ்வாறு 400க்கும் மேற்பட்ட இடங்களில் பழம்பொருள் கண்டார். எடுத்த பொருள் எந்த ஊரினது என்று குறித்து வைத்தமையே அவர் திரட்டின் பெருஞ்சிறப்பு. இடம் தெரியாத கல் எத்துணை அழகியதாயினும் ஆய்வாளனுக்கு ஊமையே.

தமிழகத்தின் தென்கோடியும் அவர் ஆய்வுக்கு உட்பட்டது. நெய்யூரும் குளச்சலும் முட்டமும் அடங்கிய பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. தென் திருவிதாங்கூரின் நிலவமைப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1883இல் வெளிவந்தது. அப்பகுதிப் பாறைகளில் கார்னெட் எனப்படும் செம்மணிகள் பதிந்துள்ளன. பாறை நைந்து கரைய, அம்மணிகள் ஆற்றோடு கடலை அடைகின்றன. அலைகள் இலேசான மணலைக் கொழித்து அகற்ற, கனமான செம்மணலும் கருமணலும் கரையில் தங்குகின்றன. நெய்யூருக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சிக் கரையில் இக்காட்சி இன்றும் உண்டு. ஃபூட்டின் கட்டுரை வெளிவந்து 26 ஆண்டுகள் கழிந்தபின், 1909இல், ஷோம்பெர்க் என்னும் செருமானிய வேதியியலார் இந்நாட்டுக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் தோரியம் பொதிந்த மோனசைட்டைக் கண்டார். பரதவர் நாளும் மிதித்து நடந்த மணலின் மதிப்பு கயிற்றோடு கடல்கடந்த பின்னரே வெளிப்பட்டது!

ஃபூட் கூறியன எல்லாம் நிலைபெற்றுவிடவில்லை. பழங்கற்கால மக்களுக்கும் புதுக்கற்கால மக்களுக்கும் இடையே நெடிய இடைவெளி இருந்தது என்று அவர் கருதினார். பின்வந்தோர் ஆய்வு அவ்விடைவெளியை நிரப்பிவிட்டது. எனினும் பின்வந்தோர் அவ்வாறு ஆராய்வதற்கு அவர் வைத்துச் சென்ற கற்களும் ஊர்க்குறிப்புகளுமே பெரிதும் துணை நின்றன.

1891இல் அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற பின்னரும் பரோடா, மைசூர் அரசுகளுக்காக நில ஆய்வு செய்தார். ஏற்காட்டில் இல்லம் அமைத்து வாழ்ந்தார். வாழ்நாள் முழுதும் ஈட்டிய திரட்டினை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைகொடுத்துப் பெற்றது. அதன்பின் முதுமையையும் பொருட்படுத்தாது அப்பொருள்களுக்கு விரிவான பட்டியல் எழுதுவதில் ஈடுபட்டார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார். பட்டியல் 1914இலும், அதற்குரிய ஆராய்ச்சிக் குறிப்புகள் 1916இலும் அச்சேறின. அவரது நினைவுக்கல் ஏற்காட்டுத் திருச்சபையில் உள்ளது. அவர் பொறுக்கிய கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.